மேலே நிற்கிறவன்

துபாய்
12.8.1999

அன்புத் தம்பி விபினுக்கு,

அக்கா சுனிதா எழுதுகிறேன். இங்கே சூடு தாங்கவில்லை, மற்றபடி சுகம். அப்பாவின் கண்ணில் புரை முற்றிவிட்டதா? சொட்டு மருந்தை மறக்காமல் விடு.

இந்தக் கடிதத்தோடு, லீவில் ஊருக்கு வருகிற முகமது இஸ்மாயில் காக்கா ஒரு பொட்டலம் தருவார். உள்ளே வாக்மேனும் ஒரு கேசட்டும் இருக்கிறது. திருட்டுச் சாமான் இல்லை, பயப்படாதே. எங்கள் ஹோட்டலில் 614-ஆம் அறையைச் சுத்தம் செய்தபோது கட்டிலுக்கடியில் கிடந்தது. தங்கியவர் விட்டுப்போன பொருளை மூன்று மாதம் பூட்டி வைப்பார்கள். யாரும் கேட்டு வராவிட்டால் கண்டெடுத்தவளுக்கே கொடுப்பார்கள். போன வருஷம் எனக்குக் கிடைத்தது ஒற்றைச் செருப்பு. இந்தத் தடவை யோகம்.

கேசட்டில் பெயர் எதுவும் இல்லை, பேனாவால் ஒரு தேதி மட்டும். ஒருத்தன் இங்கிலீஷில் பேசிக்கொண்டே போகிறான், பின்னால் மெதுவாக ஒரு கொட்டு. என் அறைத்தோழி கிரேஸ் உகாண்டாக்காரி. இது ராப் என்கிறாள், ஆனால் ஆடுகிற ராப் இல்லையாம், கடையில் விற்பதும் இல்லையாம். யாரோ தன் வீட்டில் உட்கார்ந்து பதிந்து, தெரிந்தவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பதாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீ ப்ரீடிகிரி படித்தவன், எழுதுகிற கிறுக்கும் உண்டு. கேட்டுவிட்டுச் சொல்.

பதிலைத் தமிழில் எழுது. தமிழ்நாட்டில் அம்மாச்சி ஊரில் படித்த எனக்கு மலையாள எழுத்து தெரியாதென்று உனக்குத் தெரியும்தானே.

உன் அக்கா
சுனிதா

மட்டாஞ்சேரி
5.9.1999

பிரியமுள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பா உன் கடிதத்தை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். நம் லைன் வீடுகளில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் இப்போது நான் ஒருத்தன்தான். எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே.

அக்கா, அந்தக் கேசட்! சினிமாப் பாட்டில் ஹீரோ வந்ததும் தன்னைத்தானே புகழ்வான். இவன் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறான். சிநேகிதனாய்க் கூடவே வந்த கூட்டுக்காரனை நாலு பேர் அடித்தபோது ஷூ லேஸ் கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன் என்கிறான். அம்மா வீட்டு வாசல்வரை போய், கையில் ஒன்றும் இல்லாததால் மணி அடிக்காமல் திரும்பினேன் என்கிறான். இதையெல்லாம் ஒரு மனுஷன் வெளியே சொல்வானா? எதுகை தப்பாமல், கொட்டுக்குச் சற்றுப் பின்னால், அவசரமே இல்லாமல் சொல்கிறான். நடுவில் தீக்குச்சி உரசும் சத்தம்கூட விழுந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு மட்டும் சொல்வதுபோல் இருக்கிறது. ஒரு வரி புரிய பத்துத் தடவை திருப்பிப் போட்டு, டிக்ஷனரி பார்க்கிறேன். வேலை நேரத்தில்கூட கழற்ற மனசு வரவில்லை.

வேலை பழையதுதான். கான்ட்ராக்டர் ஷாஜி சேட்டன் தோப்பும்படி பக்கம் எறா உரிக்கிற செம்மீன் ஷெட்டுகளின் கழிவு டேங்குகளைச் சுத்தம் செய்ய கான்ட்ராக்ட் எடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டு இசக்கிமுத்து அண்ணாச்சி உள்ளே இறங்குவார். நான் மேலே கயிறு பிடிப்பேன். அப்பா காலத்து வழக்கம்தான் இன்றும். இறங்கினவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு வரும்வரை கீழே காற்று இருக்கிறது என்று அர்த்தம். அண்ணாச்சிக்குச் சொல்லவா வேண்டும்? "ஏலே விபினு, இந்த ஷெட்டுக்காரன் எறா தோல உரிக்கானா, நம்ம தோல உரிக்கானா?" என்று டேங்குக்குள்ளிருந்து கத்துவார். ஷெட்டில் செம்மீன் கிள்ளுகிற பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

ஒரு நோட்டில் நானும் எழுத ஆரம்பித்திருக்கிறேன். காட்ட மாட்டேன்.

தம்பி
விபின்

துபாய்
28.9.1999

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன், நீயும் அப்பாவும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதத்தைக் கிரேஸுக்கு அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். அவள் கேசட் கேட்டபோது அழுதது அந்த மணி அடிக்காத இடத்தில்தானாம். எனக்கு விளங்காமல் போனதற்கு வெட்கமாக இருக்கிறது. காட்ட மாட்டேன் என்றால் என்னடா அர்த்தம்? வாக்மேன் கொடுத்தவளுக்கு நாலு வரி இல்லையா?

ஆனால் டேங்க் என்றதும் எனக்கு அம்மா ஞாபகம்தான் வருகிறது. அப்பா இறங்குகிற நாளில் அம்மா அடுப்புப் பற்றவைக்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருப்பாள், நினைவிருக்கிறதா? "பேச்சு நின்னா கயித்த இழு, யோசிக்காத" என்று அப்பா சொல்வது இன்னும் காதில் இருக்கிறது. யார் கெஞ்சினாலும் நீ இறங்காதே. மேலேயே நில். என்மேல் சத்தியம் செய்து எழுது. மேலே நின்றால் எனக்குப் பயமில்லை.

பேட்டரி நாலு அனுப்பியிருக்கிறேன்.

அக்கா
சுனிதா

மட்டாஞ்சேரி
20.11.1999

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். அப்பாவும் சுகம்.

இந்த மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, இசக்கி அண்ணாச்சி இறந்துவிட்டார். டேங்கில் விஷவாயு. நான்தான் மேலே இழுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்முன்பே போய்விட்டார். காளியம்மை மதினியும் மகள் மஞ்சுஷாவும் தனியாக இருக்கிறார்கள்.

நீ கேட்டபடி நான் இறங்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன்.

கேசட், பேட்டரி எதுவும் இனி அனுப்ப வேண்டாம்.

விபின்

துபாய்
6.12.1999

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. அண்ணாச்சியா? எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுத்தந்த மனுஷன். மஞ்சுஷாவுக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகியிருக்காதே.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. கேசட்டைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிறவன், கண்முன்னால் ஒரு ஆள் போனதை இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்கிறாய். ஏன் கேசட் வேண்டாம்? ஷாஜி ஏதாவது மிரட்டினானா? உனக்கு அந்த வாயு ஏறிவிட்டதா? மறைக்காதே. நீ மேலே இருந்தாய், உயிரோடு இருக்கிறாய், அதற்கே தெய்வத்துக்கு ஆயிரம் தடவை நன்றி சொல்கிறேன். இப்படிச் சொல்வது காளியம்மை மதினிக்குச் செய்கிற பாவம் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

உடனே பதில் எழுது.

அக்கா
சுனிதா

துபாய்
10.1.2000

விபின்,

ஐந்து வாரமாகப் பதில் இல்லை. உடம்பு சுகமா என்று கேட்கக்கூட பயமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பலசரக்குக் கடை நம்பருக்குப் போன் செய்தேன். அப்பாவைக் கைபிடித்துக் கூட்டி வந்தார்கள். "இருக்கான்மா. திங்கான், ஒறங்குறான். வேலைக்குப் போவல. வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல" என்றார். பிறகு லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது. நான் "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே இருந்தேன், காசு தீர்ந்துவிட்டது.

விபின், பேச்சு நின்றுவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நான் எட்டாத இடத்தில் இருக்கிறேன். இழுக்கக் கயிறு இல்லை. அதனால் காளியம்மை மதினிக்கு ஒரு கடிதம் போடப்போகிறேன். துக்கமும் கேட்டதாகும், உன்மேல் ஒரு கண் வைக்கவும் சொல்வேன். கோபப்படாதே.

ஒரே ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

துபாய்
14.1.2000

மதிப்புக்குரிய காளியம்மை மதினிக்கு,

சுனிதா எழுதுவது. சுகம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அண்ணாச்சியைப் பற்றி என்ன எழுதினாலும் குறைவுதான். நான் ஊருக்கு வந்தால் "ஏலே துபாய்க்காரி" என்று யார் கூப்பிடப் போகிறார்கள்?

மஞ்சுஷாவிடம் கொடுத்து இதை வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். என் தம்பி யாரோடும் பேசுவதில்லையாம். அண்ணாச்சி போனது அவனை உடைத்துவிட்டது. முன்பெல்லாம் நான் அனுப்பிய வாக்மேனை வேலை நேரத்தில்கூட காதிலிருந்து கழற்ற மனசு வரவில்லை என்று எழுதுவான். இப்போது அதுவும் வேண்டாம் என்கிறான். உங்கள் துக்கத்துக்கு நடுவில் இதைச் சொல்வது தப்புதான். அவனைக் கூப்பிட்டு ஒரு வாய் சாயா கொடுத்துப் பேசவையுங்கள், மதினி.

உங்கள் நாத்தனாராக நினைத்து
சுனிதா

மட்டாஞ்சேரி
8.2.2000

அக்கா,

நான் சுகமாக இல்லை. அதனால்தான் எழுதவில்லை. இன்று முழுவதும் எழுதிவிடுகிறேன்.

மஞ்சுஷா படிப்பது மலையாளப் பள்ளிக்கூடம். அவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நம் லைனுக்குத் தமிழ்க் கடிதம் வந்தால் யார் வாசிப்பார்கள், அக்கா? முன்பே எழுதியிருந்தேன், நீ மறந்துவிட்டாய். சனிக்கிழமை காலை மதினி உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார்கள். கூடவே மத்திக் கறியும் கொண்டுவந்தார்கள்.

அந்த மத்திக் கறியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அண்ணாச்சியை எரித்துவிட்டு வந்த அன்று மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடேசியா என்னப்பா பேசினாவ?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது. "சாயங்காலம் மத்தி வாங்கிட்டுப் போவணும்னு சொன்னாரு மதினி" என்று சொல்லிவிட்டேன். எங்கிருந்து வந்ததோ அந்தப் பொய். அன்றிலிருந்து செவ்வாயும் சனியும் மத்தி வாங்கி, கறி வைத்து, அவர் பங்கென்று எனக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். மூன்று மாதமாகத் தின்கிறேன்.

உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். வாக்மேன் என்ற இடம் வந்தது. அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போய்விடலாம், யாருக்குத் தெரியும்? ஆனால் வாய் நின்றுவிட்டது. மதினி நம் வீட்டு அரிவாள்மணையில் அப்பாவுக்காக எதையோ நறுக்கிக்கொண்டிருந்தார்கள். தலையைத் தூக்கினார்கள்.

"ஏன் நிறுத்திட்ட?"

நான் கடிதத்தை மடித்தேன், மறுபடி விரித்தேன்.

"விபினு, ஏன் நிறுத்திட்ட?"

இரண்டாவது தடவை கேட்டபோது அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது. அவர்கள் டேங்க் வேலைக்காரன் பெண்டாட்டி, அக்கா. பேச்சு நின்றால் என்ன அர்த்தமென்று அவர்களுக்குத் தெரியும். நான் அந்த வரியை வாசித்தேன். அப்புறம் எழுதாததையும் சொன்னேன்.

அன்று ஹெட்போன் இரண்டு காதிலும் இருந்தது. எப்போதும் ஒரு காதில்தான் வைப்பேன். ஒரு வரி பிடிபடவில்லை என்று திருப்பித் திருப்பிப் போட்டேன். கயிறு கையில்தான் இருந்தது. கேசட்டின் பக்கம் முடிந்து டக்கென்று நின்றது. அப்போதுதான் கீழேயும் சத்தம் இல்லை என்று தெரிந்தது. எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. இழுத்தேன். ஷெட்டுப் பெண்கள் ஓடி வந்து சேர்ந்து இழுத்தார்கள்.

ஷாஜி அன்று போலீசில் ஒரு பேப்பர் எழுதிக் கொடுத்தார். அண்ணாச்சி குடித்துவிட்டுத் தானாகவே இறங்கினாராம், யாரும் வேலைக்கு அனுப்பவில்லையாம், நான் பிறகு வந்து இழுத்தேனாம். அதில் என் கையெழுத்தும் இருக்கிறது. "எடா மோனே, நீ வாயத் தொறந்தா நானும் தொறப்பேன். நீ காதுல மாட்டிட்டு நின்னத கண்டவங்க நாலு பேரு உண்டு. கேசு எம்மேல வராது, உம்மேலதான் வரும்" என்றார். நான் போட்டேன். இப்போது மதினிக்காக வக்கீல் வெங்கிடராமன் எர்ணாகுளம் கோர்ட்டில் நஷ்டஈட்டுக் கேஸ் போட்டிருக்கிறார். அந்தப் பேப்பரை நான் மறுத்துச் சொன்னால்தான் கேஸ் நிலைக்கும். மார்ச் 27 விசாரணை.  ஜெயிலுக்குப் போனால் அப்பா எப்படி இருப்பார்?

மதினி அழவில்லை. "அப்ப மத்தி?" என்று மட்டும் கேட்டார்கள். பொய் என்றேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று செவ்வாய். கறி வரவில்லை.

நோட்டில் கடைசியாக எழுதியது இதுதான். நீ கேட்ட நாலு வரி:

பேரு விபின், வயசு இருபத்திரெண்டு,
கயிறு எங்கையில, பாட்டு எங்காதுல,
கீழ ஒருத்தர் பேசிட்டே இருந்தாரு,
எந்த வார்த்தையில நின்னாருன்னு தெரியல.

விபின்

துபாய்
22.2.2000

என் தம்பிக்கு,

நீ எழுதினாய். நீ இருக்கிறாய். முதலில் அதற்கு அழுதேன்.

கோர்ட்டுக்குப் போகாதே. சொல்வதைக் கேள். போட்ட கையெழுத்தை மாற்றினால் போலீஸ் உன்னைத்தான் பிடிக்கும். இங்கே லாண்டரியில் ஆள் எடுக்கிறார்கள். சூப்பர்வைசரிடம் பேசியிருக்கிறேன், ஒரு மாதத்தில் விசா கிடைக்கும். பாஸ்போர்ட்டுக்கு உடனே எழுதிப் போடு. விசாரணை நாளில் நீ ஊரிலேயே இருக்காதே. கேசட்டை நான்தானே அனுப்பினேன்? பாவம் எனக்கு வரட்டும். மேலேயே நில், எனக்குப் பயமில்லை என்று எழுதினேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

23.2

மேலே இருப்பது நேற்று எழுதியது. கிழிக்க எடுத்தேன், கிழிக்கவில்லை. பயந்தபோது உன் அக்கா எப்படிப்பட்டவள் என்று நீயும் தெரிந்துகொள்.

காலையில் கிரேஸிடம் உன் நாலு வரியைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, அந்த ஆள் குனிந்து லேஸ் கட்டின பாட்டைச் சொன்னாள். அந்தப் பாட்டின் கடைசியில் அடி வாங்கின கூட்டுக்காரன் பெயரை முழுசாகச் சொல்கிறானாமே. நீ அதை எனக்கு எழுதவே இல்லை.

எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. அறை அறையாகப் போர்வை மாற்றுகிறேன், எந்த அறையை முடித்தேன் என்று மறந்துபோகிறது. போ என்று சொல்ல என்னால் முடியவில்லை. போகாதே என்று இரண்டாவது தடவை சொல்லவும் முடியவில்லை. எது செய்தாலும் எனக்கு எழுது. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

சுனிதா

மட்டாஞ்சேரி
30.3.2000

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். அப்பாவின் கண் ஆபரேஷன் மே மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

போனேன் அக்கா. திங்கட்கிழமை காலை மட்டாஞ்சேரி ஜெட்டியில் நானும் மதினியும் ஒரே போட்டில் ஏறினோம். அவர்கள் முன்னால் உட்கார்ந்தார்கள், நான் பின்னால். உன் கடிதத்தை வாசித்த நாளிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டேன். முதலில் மதினியின் வக்கீல் கேட்டார். யார் வேலைக்குக் கூப்பிட்டது என்றார். ஷாஜி சேட்டன் என்றேன். குடித்திருந்தாரா என்றார். செவ்வாய்க்கிழமை, குடிப்பதில்லை என்று இசக்கியம்மனுக்கு நேர்ந்த நாள், அவர் சாராயத்தைத் தொடவே மாட்டார் என்றேன். அப்புறம் ஷாஜியின் வக்கீல் எழுந்தார். அவர் என்ன கேட்கப்போகிறார் என்று தெரியும். ஷாஜி பெஞ்சில் உட்கார்ந்து தன் காதைத் தடவிக்காட்டினார். அக்கா, அந்த நேரம் செத்துப்போகலாம் போல இருந்தது. அவர் வாயைத் திறக்கும்முன்பே பையிலிருந்த வாக்மேனை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "இது என் காதுல இருந்துச்சு சார். அவரு பேச்சு நின்னத நான் கேக்கல. அந்தப் பேப்பர் பொய். பயந்து ஒப்புப் போட்டேன்" என்றேன். கேசட்காரனிடமிருந்து நான் படித்தது அது ஒன்றுதான். அடுத்தவன் சொல்லும்முன்பு நாமே சொல்லிவிடுவது. ஷாஜியின் வக்கீல் கேள்விகள் எழுதி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். வாக்மேனை யாரும் வாங்கி வைக்கவில்லை, திரும்பப் பையில் போட்டுக்கொண்டேன்.

தீர்ப்பு அடுத்த மாதம். என்மேல் கேஸ் வரலாம் என்று வெங்கிடராமன் சார் சொன்னார். வராமலும் போகலாமாம். வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து நிற்கிறேன்.

திரும்பும்போது போட்டில் மதினி எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாதி காயல் கடந்தபிறகு கையை நீட்டினார்கள்.

"அதத் தா."

"எத மதினி?"

"எங்க வீட்டுக்காரரு சத்தத்துக்கு மேல உனக்கு என்ன கேட்டுச்சுன்னு நான் கேக்கணும்."

ஹெட்போனை அவர்கள் காதில் வைத்து, கேசட்டைப் போட்டுவிட்டேன். நீ அனுப்பிய பேட்டரிதான். மதினி கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. வெளியே எனக்கு அந்தக் கொட்டு மட்டும் லேசாகக் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து, காதில் இருப்பதால் சத்தமாக, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்கள்.

"இவன் யாருகிட்டப் பேசுறான்?"

"யாருகிட்டயும் இல்ல மதினி. அவனே பேசிக்கிடுறான்."

"மேல ஆள் இல்லியா இவனுக்கு?"

 ஜெட்டி வந்தது, கயிறு எறிந்து கட்டினார்கள், எல்லோரும் இறங்கினார்கள். நான் ஹெட்போனை வாங்கக் கை நீட்டினேன். மதினி என் கையைத் தள்ளிவிட்டார்கள்.

"இரு. பேசிட்டிருக்கான்ல. நிக்கற வரைக்கும் கேட்டுட்டு வாரேன்."

ஜெட்டிப் படியில் உட்கார்ந்து, பக்கம் முடிந்து டக்கென்று நிற்கும்வரை கேட்டார்கள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். வாக்மேனை இன்னும் திருப்பித் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

நோட்டில் எழுதுகிறேன் அக்கா. இந்தக் கடிதம் கிடைத்ததும் உடனே பதில் போடு.

உன் தம்பி
விபின்